கல்வெட்டில் என் பெயர்

வியாழன், இரவு.

எங்கள் ஊரான பாகான் டாலாமின் தேவாலயத்துக்குப் புதிய மண்டபத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் நான். அடுத்த வாரம் திறப்பு விழா. வாசலில் பதிக்கப்போகும் கல்வெட்டின் மாதிரியைக் கட்டடக் குழுத் தலைவர் பிரான்சிஸ் அண்ணன் இன்று காட்டினார். ஆயர் முதல் மண்டபத்துக்கு மின்காற்றாடி வாங்கிக் கொடுத்தவர் வரை எல்லோரும் அதில் இருந்தார்கள். நான் இல்லை.

என் பெயரையும் போடச் சொன்னேன்.

“உனக்கு எதுக்கும்மா பேரு? நீ செஞ்சது கடவுளுக்குத் தெரியும் லா.”

“உங்களையும் அவருக்குத் தெரியுமே, அண்ணே. உங்க பேரையும் எடுத்துடலாமா?”

குழுவின் பொருளாளர் அக்கா சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை.

“சரி, கீழ ஓரமா சின்னதா போடலாம்.”

“காத்தாடிக்காரர் பேரு அளவுக்குப் போடுங்க. இல்லன்னா யார் பேரும் வேணாம்.”

நாளைக்குப் பதில் சொல்வார்களாம்.

திமிர் பிடித்தவள் என்று பேசிக்கொள்வார்கள். பேசட்டும். கட்டடங்கள் காலத்துக்கும் நிற்கும் என்று நான் நம்பவில்லை. மாணவியாக நான் நின்று பார்த்த எத்தனையோ வீடுகள் இந்த ஊரிலேயே கார் நிறுத்துமிடங்கள் ஆகிவிட்டன. இந்த மண்டபத்தையும் ஒருநாள் சாலைக்காக இடிப்பார்கள். இடிக்கட்டும். அன்று உடைகிற கல்லில் என் பெயரும் இருக்க வேண்டும்.