பார்த்தவர் கையெழுத்து

மார்ச் 4, செவ்வாய்

கம்பி ஒரு லட்சம் தடவை சுருங்கி நீண்டுவிட்டது. பத்தேகாலுக்கு எண்காட்டியில் ஆறாவது இலக்கம் வந்தது. சோடாபுட்டி எட்டிப் பார்த்துவிட்டு, “அடுப்பு, ஜெயிச்சுட்டோம்டி” என்றாள். எப்போதும் உலைப் பக்கம் கிடப்பதாலும் மூக்குக்கு மேல் கோபம் வருவதாலும் எனக்கு அவள் வைத்த பெயர் அது. அவள் தடிக் கண்ணாடிக்காக நான் வைத்த பெயர் சோடாபுட்டி. அவள் விஞ்ஞானி, நான் டெக்னீஷியன். இந்த அரசு ஆய்வகத்தில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம்.

என் கையெல்லாம் எண்ணெய். வழக்கம்போல் அவளே நோட்டில் எழுதி, ‘செய்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். நான் கை கழுவி வந்து ‘பார்த்தவர்’ இடத்தில் போட்டேன். பதினோரு வருஷமாக இப்படித்தான். யார் போட்டால் என்ன, இரண்டு கையெழுத்து இருந்தால் சரி.

மார்ச் 11

கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். தலைமுடி கனத்தில் ஒரு கம்பி. மின்சாரம் விட்டால் சூடாகிச் சுருங்கும், நிறுத்தினால் ஆறி நீளும். மோட்டார் இல்லை, சத்தம் இல்லை. அதை வைத்து நான் செய்த பிளாஸ்டிக் விரல் மடங்கி, ஒரு பேனாவைப் பிடித்தது. இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னார்கள்.

ஆய்வகம் உரிமம் கொடுக்கும், அவர்கள் செயற்கைக் கை செய்து விற்பார்கள். கண்டுபிடித்தவர்கள் பெயர் காப்புரிமைப் பத்திரத்தில் வருமாம். வீட்டுக்காரரிடம் சொன்னேன். “எழுத்துப் பிழை இல்லாம போடச் சொல்லு. நம்ம கல்யாணப் பத்திரிகைலயே உன் பேரைத் தப்பாதான் போட்டாங்க” என்றார்.

டிப்ளமா படித்தவள் பெயர் இந்த ஆய்வகத்தில் எதிலும் வந்ததில்லை. இது ஒன்று வந்தால் போதும் எனக்கு.

மார்ச் 12

காரணமில்லாமல் சிரிப்பு வருகிறது. ஐம்பத்திரண்டு வயதில்.

மார்ச் 27

கூட்டத்துக்கு விரலை எடுத்துவரச் சொன்னார்கள். தட்டோடு போய் நின்றேன். காப்புரிமை அதிகாரி கண்டுபிடித்தவர்கள் பட்டியலை வாசித்தார். ஒரே பெயர். சோடாபுட்டியின் பெயர்.

“வேற யாராவது இருக்காங்களா டாக்டர்?” என்று கேட்டார். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்தாள், துடைத்தாள். அப்புறம், “இல்ல சார், நோட்டுல இருக்கறதுதான்” என்றாள்.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? தட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. மற்ற நேரமெல்லாம் இந்த வாய் சும்மாவா இருக்கிறது?

மார்ச் 28

கேட்டுவிட்டேன். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

“நீ எல்லாப் பக்கத்துலயும் சாட்சிடி. சாட்சி கையெழுத்துப் போட்டவ கண்டுபிடிச்சவளா இருக்கக் கூடாதுன்னு விதி. இப்பப் போய் உன் பேரைச் சொன்னா அத்தனை பக்கமும் செல்லாமப் போயிடும். மொத்த ஒப்பந்தமும் கெட்டுப்போயிடும். நீ புரிஞ்சுப்பேன்னு நினைச்சேன்.”

புரிந்தது. என் கை எண்ணெய்க் கை, அவள் கை சுத்தமான கை. அவ்வளவுதானே?

ஒருவேளை அவளும் பாவம், இப்போதுதான் தெரிந்துகொண்டாளோ என்றும் நினைத்தேன். பழகிய பழக்கம் அப்படி நினைக்க வைக்கிறது.

ஏப்ரல் 2

மனசு கேட்காமல் அதிகாரியிடமே போனேன். நல்ல மனிதர், நாற்காலி போட்டார். “டாக்டருக்கு இது தெரியுமேம்மா. ஆறு வருஷம் முன்னாடி இந்த விதிக்குன்னே ஒரு வகுப்பு எடுத்தோம். முதல் வரிசைல உக்காந்து குறிப்பெல்லாம் எடுத்தாங்களே” என்றார்.

எனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறது. திரும்பி வந்தவளிடம் வகுப்பு எப்படி என்று கேட்டேன். “செம போர், தூங்கிட்டேன்” என்றாள். சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்து ‘செய்தவர்’ இடத்தில் கையெழுத்துப் போட்டு, நோட்டை என் பக்கம் தள்ளினாள்.

ஆறு வருஷம். தினமும் தள்ளியிருக்கிறாள். என் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டே தள்ளியிருக்கிறாள். பாவி. படுபாவி.

ஏப்ரல் 3

டப்பாவை உலைப் பக்கம் கொண்டுபோய்த் தனியாகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 21

கம்பெனியில் கம்பி அறுகிறதாம். இரண்டாயிரம் தடவைகூடத் தாங்கவில்லை. சோடாபுட்டி போனில் உலைச் சூடு, தண்ணீர், மின்சாரம் என்று பத்துக் காரணம் அடுக்கினாள்.

எனக்குத் தெரியும். சுருளிலிருந்து வெட்டிய கம்பியில் கண்ணுக்குத் தெரியாத முறுக்கு இருக்கும். நான் நுனியில் சின்ன எடையைக் கட்டித் தொங்கவிடுவேன். எடை தட்டாமாலை சுற்றும், நிற்கும், மறுபக்கம் சுற்றும். ஒரு நாள் ஆகும். முழுசாக நின்ற பிறகுதான் உலைக்குள் வைப்பேன். நோட்டில் அவள் எழுதியது “கம்பி பொருத்தப்பட்டது.” இரண்டே வார்த்தை. மூலையில் தொங்குவது என்ன என்று பதினோரு வருஷத்தில் ஒரு தடவை கேட்டிருப்பாளா?

“சொல்லாத. நல்லா முழிக்கட்டும்” என்கிறார் வீட்டுக்காரர். சொல்லாமல் இருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி. ஆனால் அந்த விரல் அறுந்து கிடப்பதை நினைத்தால் பொறுக்கவில்லை. கம்பி எனக்கு என்ன துரோகம் பண்ணிற்று?

ஏப்ரல் 25

கம்பெனி இன்ஜினியர் எங்கள் அறைக்கே வந்துவிட்டார். நேற்றே நான் கம்பியைத் தொங்கவிட்டிருந்தேன். இன்று காலை எடுத்து, சூடாக்கி, ஆற்றி, விரலில் மாட்டினேன். மூன்று மணிக்கு நாலாயிரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. இன்ஜினியர் ஒவ்வொரு படியாகக் கேட்டார், நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சோடாபுட்டி என் வாயைப் பார்த்து நோட்டில் எழுதினாள்.

முடித்ததும் ‘செய்தவர்’ இடத்தில் கையெழுத்துப் போட்டு நோட்டை என் பக்கம் தள்ளினாள். யோசித்துச் செய்யவில்லை, அதுதான் எரிச்சல். கை தானாகப் போனது.

நான் பேனாவைத் தொடவில்லை.

“சாட்சி இல்லாம இந்தப் பக்கம் செல்லாதும்மா. நீங்க பார்த்தீங்கல்ல?” என்றார் இன்ஜினியர்.

“நான் பார்க்கல. நான் செஞ்சேன்” என்றேன்.

கண்ணாடி துடைக்கும் துணியைத் தேட ஆரம்பித்தாள் அவள்.

மே 20

பழைய காப்புரிமை அவள் பெயரிலேயே இருக்கும். அதை மாற்ற முடியாதாம். முறுக்கு எடுக்கும் முறை பழைய நோட்டில் இல்லாததால் அதற்கு மட்டும் தனிப் பத்திரம். அதில் என் பெயர், பிழையில்லாமல். பதினோரு வருஷத்தில் ஒரு நாள் வேலை எனக்கு, மீதியெல்லாம் அவளுக்கு. வீட்டுக்காரர் பத்திரத்தை இரண்டு தடவை படித்தார்.

சோடாபுட்டி மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு முதல் மாடிக்குப் போய்விட்டாள்.

இன்று புது நோட்டு. கை கழுவி வந்து நானே எழுதினேன். ‘செய்தவர்’ இடத்தில் போட்டுவிட்டு, பழக்கத்தில் பேனாவை அவள் நாற்காலிப் பக்கம் நீட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து அறை லேத்துக்காரரைக் கூப்பிட்டேன். “எங்க போடணும்?” என்று பேனாவோடு வந்தார். “முதல்ல பாருங்க, அப்புறம் போடுங்க” என்றேன். இன்னொரு கம்பியைத் தொங்கவிட்டேன். கையைக் கட்டிக்கொண்டு, எடை சுற்றுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். நாளைக்கு அது நின்றதும் வந்து கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.