வாசலில் கொட்டிய தண்ணீர்

அன்பு மகள் யா-ச்சினுக்கு அம்மா எழுதுவது. தைனானில் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும்தான் சொன்ன பேச்சு கேட்பதில்லை. வான்கூவர் குளிரில் நீ எப்படி இருக்கிறாய், காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா?

எதிர்வீட்டு உன் சிநேகிதி பெய்-லிங் கல்யாணத்தில் நீ போனிலேயே மணத்தோழியாக நின்றதைத்தான் தெருவே பேசுகிறது. லீவு கிடைக்கவில்லை என்று நீ அழுதது எனக்குத் தெரியும். ஆனாலும் சோதிக்காமல் மாப்பிள்ளையை உள்ளே விடக்கூடாது என்று மற்ற தோழிகள் கதவை அடைத்து நிற்க, நடுவில் போனில் உன் முகம் தெரிய, "பாகற்காயை முழுசா மென்னு முழுங்கு, மூஞ்சியைச் சுளிச்சா கதவும் திறக்காது, பொண்ணும் கிடையாது" என்று மாப்பிள்ளையை அதட்டினாயே! ஜுன்-ஹாவ் கண் கலங்க விழுங்கிவிட்டு, "கனடாவிலேர்ந்தே இந்தப் பாடு படுத்துறாளே, நேர்ல வந்திருந்தா நான் காலி" என்றான். அதற்குள் சார்ஜ் தீர்ந்து நீ மறைந்துவிட்டாய். பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பெய்-லிங் காரில் ஏறி, கோபதாபமெல்லாம் பிறந்த வீட்டோடு போகட்டும் என்று ஜன்னல் வழியாக விசிறியைப் போட்டாள். கார் நகர்ந்ததும் அவள் அம்மா மெய்-ஹுவா ஒரு கிண்ணம் தண்ணீரை அதன் பின்னால் ஊற்றினாள். வாழப் போனவள் திரும்பி வந்துவிடக் கூடாது என்று செய்வதுதானே. எனக்கு என் பழைய தப்பு ஞாபகம் வந்தது. ஐந்து வருஷம் முன்னால் நீ விமானம் ஏறப் புறப்பட்ட அன்று, டாக்ஸி தெருமுனை திரும்பும்போது, கீரை அலசிய தண்ணீரை நினைவில்லாமல் வாசலில் கொட்டிவிட்டேன். எதிர்வீட்டிலிருந்து மெய்-ஹுவா, "ஏண்டி, புத்தி கெட்டுப் போச்சா? பொண்ணைப் படிக்க அனுப்புறியா, கட்டிக் குடுத்து அனுப்புறியா?" என்று கத்தினாள். சிரித்து மழுப்பினேன். ஆனால் நீ வராத ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அந்தப் பாத்திரத்தைத்தான் திட்டியிருக்கிறேன், வேலை, விசா என்று அப்பா சொன்ன காரணமெல்லாம் என் மண்டையில் ஏறவில்லை.

மூன்றாம் நாள் மறுவீட்டுக்கு வந்த பெய்-லிங், சாப்பிட்ட கையோடு நம் வீட்டுக்கு வந்து உன் கட்டிலில் படுத்துக்கொண்டாள். உன் வாசனை இன்னும் இருக்கிறதாம். அவளிடம்தான் முதல் முறையாகத் தண்ணீர் விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "எனக்கு ஊரே பாக்க ஊத்தினாங்க, மூணே நாள்ல வந்து படுத்துக் கிடக்கேன். கீரைத் தண்ணி அவளை என்ன பண்ணும் அத்தை? நீங்க ஒரு தடவையாவது வாடின்னு கூப்பிட்டிருக்கீங்களா?" என்றாள்.

அன்று முழுக்க யோசித்தேன். நாங்கள் நன்றாக இருக்கிறோம், லீவு போடாதே, அலையாதே என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறேன். நீ என்னை நல்லவள் என்று நினைக்கவேண்டும் என்பதற்காக அப்படிச் சொன்னேனோ என்னவோ. இப்போது சொல்கிறேன், வாடி கண்ணே. உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பெய்-லிங் கல்யாணத்துக்கு உனக்குத் தைத்த ரோஸ் கவுன் அலமாரியில் தொங்குகிறது. அடி மடித்துத் தைக்கவில்லை, நீ போட்டுக்கொண்டு நின்றால்தான் உயரம் தெரியும். நோய்நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல் நீ நன்றாக இருக்கவேண்டும். தேதி முடிவானதும் முதலில் எனக்குச் சொல், அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். பெய்-லிங் என்ன சிரித்தாலும் சரி, கீரை அலசிய தண்ணீரை நீ வரும்வரை கொல்லைப்பக்கம்தான் கொட்டுவேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா லி-யுன்