வராதே என்று சொல்ல வழியில்லை

பதிவு: 2 அக்டோபர் 2047, காலை 08:10

மோர்வன் தீவு, தென்கடல் ஆய்வு நிலையம். எழுதுவது டாக்டர் ரெக்ஸலின், வைரஸ் ஆய்வாளர். வெப்பம் மைனஸ் மூன்று. காற்று பலம். ஜெனரேட்டர் ஓடுகிறது, கூறுகெட்ட மெஷின், ஓடுவதே பெரிய விஷயம்.

நிலையத்தில் இரண்டே பேர். நானும் மெக்கானிக் ஜோபியும். ஜோபி கோட்டயத்துக்காரர். காலையில் ஒரு பாட்டு, மாலையில் ஒரு பாட்டு, இரண்டும் சுருதி சேராது.

வடகரையில் யானை சீல்கள் குட்டி போட்டிருக்கின்றன. சில இருமுகின்றன. மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுத்தேன். செத்த குட்டிகளை ஸ்குவாக்கள் கொத்திக்கொண்டிருந்தன. பழுப்பு நிறப் பெரிய கடற்பறவைகள், எதையும் விடாது. அவற்றிடம் பறவைக் காய்ச்சல் வருஷக்கணக்காக இருக்கிறது. அங்கிருந்து சீலுக்கு வந்திருக்கும். எதிர்பார்த்ததுதான்.

பதிவு: 9 அக்டோபர், காலை 11:40

கரை முழுக்க இருமல். மண்டபம் நிறையக் கிழவர்கள் உட்கார்ந்து இருமுவது போல இருக்கிறது. ஜன்னலைச் சாத்தினாலும் கேட்கிறது.

இதைக் கண்டெடுப்பவர் விஞ்ஞானி இல்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஃப்ளூ வைரஸ் ஒரு கொழுப்புப் பொட்டலம். உள்ளே எட்டுத் துண்டு ஆர்.என்.ஏ. மேலே இரண்டு வகை முள். ஒன்று கொக்கி, செல்லின் மேலிருக்கும் சர்க்கரையைப் பிடிக்க. இன்னொன்று கத்தரிக்கோல், வெளியேறும்போது அதே சர்க்கரையை வெட்டிக்கொண்டு கிளம்ப. கதவை அது உடைப்பதே இல்லை. கொக்கி பொருந்தினால் செல்லே தெரிந்த ஆள் என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். பறவையின் சர்க்கரை ஒரு மாதிரி வளைந்திருக்கும், மனிதத் தொண்டையில் இருப்பது வேறு மாதிரி. நாம் இத்தனை காலம் தப்பித்தது பெரும்பாலும் அந்த வளைவினால்தான்.

சீல் மாதிரியிலிருந்த வைரஸின் மரபணுவைப் படித்துப் பார்த்தேன். கொக்கியில் மாற்றம். நம் வளைவுக்குப் பொருந்துகிறது. நம்பாமல் சோதனையை மறுபடி ஓட்டினேன். அதே விடை.

ஜோபிக்குக் காய்ச்சல். இன்று பாட்டு இல்லை.

பதிவு: 16 அக்டோபர், பிற்பகல் 03:05

ஜோபி இறந்துவிட்டார்.

மாத்திரை கொடுத்தேன். அது வைரஸைக் கொல்லாது. கத்தரிக்கோலை அடைத்துவிடும். பிறந்த வைரஸ்கள் பிறந்த செல்லிலேயே ஒட்டிக்கொண்டு, வெளியேற முடியாமல் குவிந்து கிடக்கும். சீக்கிரம் கொடுத்தால் பலிக்கும். நான் கொடுத்தபோது நுரையீரல் போயிருந்தது. அவரைக் குளிர் அறையில் வைத்தேன். தனியாக இழுத்துக்கொண்டு போனேன். என்ன கனம் மனுஷன்! அழுதேன், திட்டினேன், மறுபடி இழுத்தேன்.

ஒன்பதாம் தேதி இரவே, நான் செய்தி அனுப்பும் முன், புயலில் சாட்டிலைட் டிஷ் பறந்துவிட்டது. ரேடியோவில் பேசும் பெட்டி கருகிக் கிடக்கிறது. கேட்கும் பெட்டி மட்டும் வேலை செய்கிறது. ரிப்பேர் தெரிந்த ஒரே ஆள் குளிர் அறையில்.

பதிவு: 21 அக்டோபர், காலை 09:00

கரை அமைதியாகிவிட்டது. ஒரு சீல்கூட இருமவில்லை. இருமிக்கொண்டிருந்தபோதே தேவலை.

ஜோபியின் அறையிலிருந்து இருமல் கேட்டது. போய்க் கதவைத் திறந்தேன். வெறும் கட்டில். திரும்பி வந்தேன், மறுபடி கேட்டது. மூன்றாம் தடவை கதவின் மேல் கை வைத்தபடியே கேட்டதும் புரிந்தது. இருமுவது நான்தான்.

செல்லுக்குள் போன வைரஸ் செய்யும் ஒரு திருட்டு உண்டு. செல் எழுதும் செய்திகளின் தலையை வெட்டி, தன் செய்திக்கு ஒட்டிக்கொள்ளும். செல் அதைத் தன் சொந்தச் செய்தி என்று நம்பி, அது சொன்னதையெல்லாம் செய்யும். படிக்கிற காலத்தில் இதைக் கெட்டிக்காரத்தனம் என்று ரசித்திருக்கிறேன். இப்போது ஒவ்வொரு வரியும் எழுதிய பிறகு இது நான் எழுதியதுதானா என்று படித்துப் பார்க்கிறேன்.

மாத்திரை எல்லாம் ஜோபிக்கே போய்விட்டது.

பதிவு: 28 அக்டோபர், காலை 07:30

கப்பல் கூப்பிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

"மோர்வன், மோர்வன், நெய்தல் கப்பல் கூப்பிடுது. யக்கா, கேக்குதா? வென்சி பேசுதேன். உன் சத்தமே இல்லன்னு கேப்டன் முன்கூட்டியே கிளப்பிட்டாரு. நாளைக்கு அங்க நிப்போம். அம்ம கருவாட்டுப் பொட்டலம் தந்து விட்டிருக்கா. நாத்தம் தாங்காம கேப்டன் மூக்கைப் பொத்திட்டு நடக்காரு."

வென்சிலாஸ் என் தம்பி. நெய்தலில் ரேடியோ ஆபீசர். மணப்பாட்டில் நான் இடுப்பில் தூக்கித் திரிந்த பயல். அவனோடு கப்பல் நிறைய ஆட்கள். அத்தனை பேரும் இங்கே இறங்கி, என்னைத் தூக்கி, பிறகு ஊருக்குப் போவார்கள். ஊரில் யார் உடம்புக்கும் இந்த வைரஸைத் தெரியாது.

வென்சி, வராதேடா. பேச முடியாத பெட்டியிடம் சொல்கிறேன்.

பதிவு: 29 அக்டோபர், காலை 10:20

இறங்கவிடக் கூடாது என்று படகு வந்து ஒட்டும் மரப்பாலத்தில் டீசல் ஊற்றிக் கொளுத்தினேன். உடனே ரேடியோ:

"யக்கா, நெருப்பு தெரியுது! பயப்படாத, ஃபுல் ஸ்பீடுல வாரோம்!"

கெட்டது போ. நெருப்பு வைத்தால் ஓடி வருவார்கள். வானத்தில் ஃப்ளேர் வெளிச்சம் விட்டால் வருவார்கள். விளக்கை அணைத்தால் என்ன ஆச்சோ என்று இன்னும் வேகமாக வருவார்கள். எனக்குத் தெரிந்த எல்லா சிக்னலும் வா வா என்றுதான் சொல்லுது. வராதேன்னு சொல்ல ஒண்ணுகூட இல்ல, சனியன்.

சிவப்பு பெயின்ட் இருக்கு. குடோன் கூரையில ஏறி ஆள் உயர எழுத்துல இப்படி எழுதினேன்: ஜோபி செத்துட்டார். எனக்கும் தொற்று. இறங்காதே. தமிழ்லதான் எழுதினேன். வென்சி தூரக் கண்ணாடியை வச்சு முதல்ல என்னைத்தான் தேடுவான்.

பதிவு: 29 அக்டோபர், பிற்பகல் 01:15

கப்பல் தள்ளி நிக்குது. படிச்சிட்டான்.

"யக்கா, கேப்டன் போட்டை இறக்க மாட்டேங்காரு. நீ உன் ரப்பர் போட்ல வா. பக்கத்துல வந்தாப் போதும், நான் கயிறு போடுதேன். யாரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிடுதேன். வாக்கா."

போட்டைத் தண்ணி வரைக்கும் இழுத்துட்டேன். பொய் சொல்ல மாட்டேன், போகணும்னு தான் இழுத்தேன். தனியாச் சாக எனக்குப் பயமா இருக்கு. அவன் கையை ஒரு தடவை பிடிச்சாப் போதும்னு இருந்துச்சு. அவன் பிடிப்பான். அதுதான் பிரச்சினை.

சீல் அறுக்கிற கத்தியால போட்டை நாலு பக்கமும் குத்தினேன், அவன் கண்ணாடியில பாக்கும்படி.

"ஏன்க்கா இப்படிப் பண்ணுத? அம்மட்ட நான் என்னன்னு சொல்ல?"

கப்பல் திரும்புச்சு. ஆஸ்பத்திரிக் கப்பல் அனுப்புறதா கேப்டன் ரேடியோவில சொன்னார். வரட்டும், அவங்களாவது முழு உடுப்போட வருவாங்க. கரையில உட்காந்து சிரிச்சேன். ஜெயிச்சிட்டேன். என் தம்பி தப்பிச்சான்.

பதிவு: 30 அக்டோபர், காலை. மணி பாக்கல

காய்ச்சல் ஏறுது. மூச்சு பாதிதான் போகுது. ரேடியோ இன்னும் எட்டுது.

"யக்கா, நீ கேட்டுட்டு இருப்பன்னு எனக்குத் தெரியும். நேத்து முழுக்க நான் சாப்பிடல. இன்னிக்கு ஒரு சங்கதி. உன் தீவுப் பக்கமிருந்து பழுப்பா ஒரு பெரிய பறவை பறந்து வந்து டெக்குல விழுந்துச்சு. பறக்க முடியல பாவம். தலையை ஒரு பக்கமாத் திருப்பித் திருப்பி ஆட்டுது, என்னமோ சொல்ல வந்த மாதிரி. நீதான் அனுப்பிருக்கன்னு நினைச்சுக்கிட்டேன். மடியில வச்சிருக்கேன். கருவாட்டைப் பிச்சு ஊட்டி விட்டேன். எல்லாரும் வந்து தடவிக் கொடுத்துட்டுப் போறாங்க."

தலை திருகுதுன்னா நோய் மூளைக்கு ஏறியாச்சு. இங்க செத்த சீலைத் தின்ன பறவை அது.

பெயின்ட் பாதி டின் மிச்சம் இருக்கு. கூரையில இடமும் இருக்கு. பறவையைத் தொடாதேன்னு எழுத நேத்து எனக்குத் தோணல. பறவைக் காய்ச்சல்னு பேரே வச்சிருக்கோம், எனக்குத் தோணல.

வென்சி அதைக் கீழ விடு. முகத்துல கை வைக்காதே. தனியா ஒரு ரூம்ல போய்க் கதவைச் சாத்திக்கோ. யாரையும் உள்ள விடாதே.

கருகின பெட்டிதான். பட்டனை அமுக்கிக்கிட்டே இருக்கேன். வென்சி. வென்சி. அவன் எனக்காகப் பாடுறான். நடுவுல ஒரு தடவை தும்மிட்டு, ஸாரிக்கான்னு சொல்லிட்டு, மறுபடி