போலித் தடம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நான் நலம்தான். உன் முழங்கால் வலி குறைந்ததா? போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், அத்தான் காதில் விழும். அதனால்தான் கடிதம்.

இங்கே அதே கம்ப்யூட்டர் கூடம்தான். வரிசை வரிசையாக இயந்திரங்கள், காதை அடைக்கிற மின்விசிறி இரைச்சல், கோடையிலும் ஸ்வெட்டர். மோதிச் சிதறும் துகள்களின் தடங்களை இவைதான் சலித்துப் பொறுக்குகின்றன. சலிக்கிற கம்ப்யூட்டர் நிரலை எழுதியவள் நான். அதை வைத்து எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையில், எழுதியவர்களாக மூவாயிரம் பேர் பெயர் வந்தது. நான் பிரசவ விடுப்பில் இருந்த நேரம் பார்த்து, என் பெயரை மட்டும் ஆராய்ச்சிக் குழுத் தலைவரான அத்தான் அடித்துவிட்டார். கேட்டதற்கு உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்ன சொன்னார்? "கம்ப்யூட்டர் துடைக்கிறவங்களுக்கெல்லாம் பேர் போட்டா பேப்பர் பத்தாது." நீயும் சிரித்தாய். அன்றைய வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆராய்ச்சியாளர்கள் விழிப்பாக இருக்கிறார்களா என்று பார்க்க, நிஜத் தரவுக்குள் ரகசியமாக ஒரு போலித் தடத்தைக் கலந்துவைப்போம். யார் எதைக் கண்டுபிடித்தாலும், வெளியே சொல்லுமுன் அது நாங்கள் கலந்த போலியா என்று எங்களிடம் கேட்க வேண்டும். கேட்காதவரை நாங்கள் வாய் திறக்கக் கூடாது. இந்த முறை கலந்தவள் நான். எல்லோருக்கும் பொதுவாகத்தான் கலந்தேன், அத்தானுக்கென்று குழி வெட்டவில்லை. விழுந்தது அவர். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சும்மாவா? போட்டிக் குழு முந்திவிடுமோ என்ற பயத்தில், எங்களைக் கேட்காமலே, அந்தப் போலியை நம்பிப் புதிய துகளைக் கண்டுபிடித்ததாக அறிவிக்க வெள்ளிக்கிழமை பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டிருக்கிறார்.

அவர் அறிவித்ததும் விதிப்படி நான் உண்மையை வெளியிடுவேன். வருத்தத்தோடு அல்ல, சந்தோஷமாக.

மேடையில் அவர் பக்கத்தில் உட்காரப் புது உடுப்பு எடுத்ததாகச் சொன்னாய். போகாதே. உலகமே கைகொட்டிச் சிரிக்கும்போது நீ அங்கே இருக்க வேண்டாம்.

இதை அவரிடம் காட்டினால் அவர் தப்பித்துவிடுவார், ரகசியத்தை வெளியிட்டதற்காக என் வேலை போகும். தெரிந்தேதான் எழுதுகிறேன். காட்டிவிடாதே அக்கா. இந்த ஒரு தடவை அவர் மனைவியாக இல்லாமல் என் அக்காவாக இரு.

உன் தங்கை