குறுக்குச் சந்து இல்லாத தெரு

எனக்கு மூத்தவளான, என் உசிரான லாத்தாவுக்கு,

நீங்கள் அடங்கியிருக்கும் கபுரில் அல்லாஹ் வெளிச்சத்தை நிறைக்கட்டும். பிரெஞ்சுக்காரன் காரைக்காலை விட்டுப் போய்விட்டான். சைகோனிலிருந்து திரும்பிய ஆண்களெல்லாம் கோட்டுச்சேரி ரோட்டோரம் வயலை வாங்கி வீடு கட்டுகிறார்கள். என் வீட்டுக்காரரும் உங்கள் வீட்டுக்கு அடுத்த மனையில் கட்டி முடித்துவிட்டார்.

அந்தத் தெருக்கள்தான் எனக்குப் பிடிக்கவே இல்லை. சீப்புப் பல் மாதிரி ஒவ்வொன்றும் ரோட்டிலிருந்து உள்ளே போய்ச் சுவரில் முட்டி நிற்கிறது. டவுனில் நாம் வாசல் பக்கம் தலைகாட்டாமல் கொல்லைச் சந்து வழியாகவே எல்லார் வீட்டுக்கும் போய் வருவோமே! இந்தப் புதுத் தெருக்களிலோ, பெண்கள் வெளியே தெரியாத கோஷாவுக்கென்று ஆளுயரச் சுவரைத்தான் முதலில் எழுப்பினார்கள். பெண்கள் நடக்க ஒரு சந்து வேண்டுமென்று எந்த ஆணுக்கும் தோன்றவில்லை. அவர்களுக்கென்ன, ரோட்டில் நடப்பவர்கள்!

அந்த வீட்டில் நான் உங்கள் பக்கத்திலிருந்தபோதுதான் உங்களுக்கு நாளுக்கு முந்தியே வலி கண்டது. மருத்துவச்சி பின்தெருக்காரிதான், அவள் கொல்லையும் உங்கள் கொல்லையும் முதுகோடு முதுகு. "பயப்படாதீங்க புள்ள, இந்தா வந்துட்டேன்" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் கத்தியதைக் கேட்டு நீங்கள் சிரித்தீர்கள்கூட. அவள் ரோட்டுக்குப் போய், சுற்றிக்கொண்டு உங்கள் தெருவுக்குள் ஓடி வருவதற்குள் பிள்ளையும் இல்லை, நீங்களும் இல்லை. நான் யாரை ஏச, லாத்தா?

இப்போது என் மகள் நிறைமாசம். புது வீட்டில்தான் பிரசவம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார் இவர். மருத்துவச்சி ஓடி வர, நம் மனையிலிருந்து பின்தெருவுக்கு ஒரு சந்து விடுங்கள் என்றேன்.

"நான் மட்டும் மனையை விட்டுட்டா ஊரு என்னைய ஏமாளின்னு சிரிக்கும். பின்வீட்டுக்காரன் மொதல்ல விடட்டும்."

மருத்துவச்சிக்குப் பக்கத்து வீடான எங்கள் பின்வீட்டம்மாளைக் கேட்டால், "நீங்க மொதல்ல விடுங்க, அப்புறம் பாப்போம்" என்கிறாள். நல்ல நியாயம் போங்கள்!

"அப்ப எம் மவ டவுன்லயே பெத்துக்குவா. நீங்க அந்தச் சுவத்தோட குடும்பம் நடத்துங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். நேற்று கொத்தனாரை அழைத்துப் போய் எங்கள் பக்கத்துக் கொல்லைச் சுவரை இடித்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் இடித்த இடத்துக்கு நேரே பின்வீட்டுச் சுவர் அப்படியே நிற்கிறது. "எங்க வூட்டுக்காரரு கப்பல் சபர்லேருந்து திரும்பி வரட்டும்" என்று அந்தம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

லாத்தா, அல்லாஹ் அறியச் சொல்கிறேன். அந்தச் சுவரும் விழுந்தால் ஒழிய என் மகளை அங்கே விடமாட்டேன். இவர் என்னைத் தலாக் சொன்னாலும் சரி.

உங்கள் கூடப்பிறந்தவள்,
நிறைமாசக்காரியின் உம்மா