ஏறுவதைப் பற்றியே பேசினோம்

சாந்தோம்,
சென்னை-4.
2-1-1974

அன்புள்ள சுந்து அண்ணாவுக்கு,

கிளாடிஸ் எழுதுவது. இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடி, உண்மையாக மட்டுமே எழுதுவது என்று தீர்மானித்து உட்கார்ந்திருக்கிறேன். அதனால் முதல் வரியிலேயே தடுமாறிவிட்டேன். ‘இங்கு யாவரும் நலம்’ என்று தொடங்க வேண்டும் என்று எங்கள் தமிழ் டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதை எழுதினால் பொய்யாகிவிடும். ஆகவே உங்கள் நலத்தை மட்டும் கேட்டுக்கொண்டு மேலே போகிறேன்.

உங்கள் விலாசத்தை உங்கள் அம்மாதான் கொடுத்தார்கள். லஸ் முனையில் காய்கறிக் கடையில் பார்த்தேன். என்னைக் கண்டதும் பையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “ஆத்துக்கு ஒரு வரி போடறதில்லைடி. பம்பாயில சைக்கிளைக் கண்டா தெருவோட அந்தப் பக்கம் போயிடறானாம். ஆபீசுக்கு நடந்துண்டே போறான், நடந்துண்டே வரான்னு அவனோட அண்ணா எழுதறான்” என்று சொன்னார்கள். உங்கள் சைக்கிளை ரேழியில் சாத்தி வைத்திருக்கிறார்களாம். கடல் காற்றுக்குக் கம்பிகள் துருப்பிடித்துவிட்டனவாம். துடைத்தால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்களோ என்று துடைக்காமல் இருக்கிறார்களாம்.

வருகிற பதினேழாம் தேதி லியோ அண்ணா இறந்து ஒரு வருஷம். கிறிஸ்துமஸுக்கு இந்தத் தடவை நாங்கள் நட்சத்திரம் கட்டவில்லை. பக்கத்து வீட்டார் கேக் கொடுத்தார்கள். அம்மா வாங்கி வைத்துக்கொண்டார்கள், வெட்டவில்லை.

நான் ஜாக்ரஃபி புத்தகத்தைத் திறந்தால் இப்போதும் கணவாய்கள் இருக்கிற பக்கம்தான் தானாகப் பிரிகிறது. உங்களுக்கு நினைவிருக்கும். பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய் என்று நான் வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தபோது லியோ அண்ணா புத்தகத்தைப் பிடுங்கி, ஒவ்வொரு லீவுக்கும் சைக்கிளில் ஒரு மலை, நான் காலேஜ் சேர்ந்ததும் கைபர் கணவாய், என்னைப் பின்னால் கேரியரில் வைத்துக்கொண்டு என்று சொன்னான். கைபர் கணவாய் இப்போது வேறு தேசத்தில் இருக்கிறது, விசா வேண்டும் என்று நான் சொன்னேன். அப்பாவிடம் சொல்லி ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பிவிடலாம் என்று நீங்கள் சொன்னீர்கள். அப்பா கூடச் சிரித்தார்.

முதல் மலை ஏற்காடு என்று முடிவானதும் இந்த வீடே அதற்குத் தயாரானது. அம்மா தினமும் முட்டை அவித்துக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நீங்கள் இருவரும் பரங்கிமலைக்குப் போய் ஏறிப் பழகினீர்கள். ஒரு தடவை நானும் பஸ்ஸில் வந்து பார்த்தேன். இறங்கும்போது லியோ அண்ணா இரண்டு கால்களையும் தூக்கி ஹேண்டில்பார் மேல் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டே வந்தான். நான் கை தட்டினேன். அப்பா தபாலாபீசில் சார்ட்டிங்கில் இருப்பதால் கார்டுகள் வாங்கி, எல்லாவற்றிலும் எங்கள் விலாசத்தைத் தன் கையால் எழுதிக் கொடுத்தார். வழியில் ஊருக்கு ஒரு கார்டு போட வேண்டும், மேட்டர் எழுதினால் போதும் என்றார். மேட்டில் நெஞ்சு அடைத்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும், வெட்கப்படக் கூடாது என்று வாசல்வரை வந்து சொன்னார். நாங்கள் எல்லோரும் ஏறுவதைப் பற்றியே பேசினோம். இறங்குவதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்த ஊரில் உயரம் என்றால் எங்களுக்குத் தெரிந்தது அடையாறு பாலம்தான். போன மாதம் பஸ்ஸில் போகும்போது கவனித்தேன். பாலத்தில் ஏறும்போது வண்டி உறுமுகிறது. இறங்கும்போது டிரைவர் சத்தமில்லாமல் பிரேக்கில் கால் வைக்கிறார். எத்தனையோ வருஷமாக அந்தப் பஸ்ஸில் போகிறேன், அந்தக் காலை நான் பார்த்ததே இல்லை.

சைக்கிள் கடை அக்பர் பாஷா என்னைப் பார்த்தால் கடைக்குள் போய்விடுவார். ஒரு நாள் நானே போய் நின்றேன். “செயினுக்கு எண்ணெய் போட்டேன், ரிம்மு கோட்டம் எடுத்தேன், டைனமோ மாட்டினேன். பிரேக் கட்டையை எவன் பாத்தான் பாப்பா? லைட்டு இல்லாங்காட்டி இந்த ஊர்ல போலீஸ் புடிப்பான். பிரேக் இல்லாங்காட்டி காலைத் தேச்சிக்கினு நிப்பாட்டிக்குவோம். மலை எப்டி கீதுன்னு நான் இன்னாத்தைக் கண்டேன்” என்றார். அப்புறம், “நான்தாம்மா” என்றார். அம்மாவும் முட்டை அவிக்கும்போதெல்லாம் அதையேதான் சொல்லிக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு “நான்தான் மாமி, நான்தான்” என்று மட்டும் சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. ஒரே குற்றத்துக்கு இத்தனை பேர் எப்படிச் சொந்தக்காரர்களாக முடியும் என்று எனக்குப் புரியவில்லை.

இனி எழுதுவது கஷ்டமானது. ஆனால் உண்மை என்று சொல்லிவிட்டேன்.

சேலத்திலிருந்து வந்த போலீஸ்காரர் அப்பாவிடம் சொன்னது இதுதான். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறவர்கள் ஒரு பெரிய கிளையை வெட்டி சைக்கிளுக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வருவது அந்த மலையில் வழக்கமாம். கிளை ரோட்டில் உராய்ந்து வண்டியைப் பிடித்துக்கொள்ளுமாம். உங்கள் சைக்கிளில் கிளை கட்டியிருந்தது. லியோ அண்ணாவின் சைக்கிளில் இல்லை. அவனுடைய பிரேக் கட்டைகளில் ரப்பர் தேய்ந்து இரும்பு மட்டும் இருந்தது.

அதனால்தான் கல்லறையில் அப்பா உங்களைப் பார்த்து அப்படிக் கேட்டார். “உனக்கு ஒண்ணு கட்டிக்கத் தெரிஞ்சுது. அவனுக்கும் ஒண்ணு கட்டணும்னு தோணலையா? இனிமே என் வாசல்ல கால் வைக்காத.” நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு போனீர்கள். அடுத்த வாரம் பம்பாய் போய்விட்டீர்கள் என்று கேள்விப்பட்டோம். அன்றிலிருந்து உங்கள் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை.

லியோ அண்ணாவை எனக்குத் தெரியும். நீங்கள் கிளை கட்டச் சொல்லியிருப்பீர்கள். அவன் சிரித்திருப்பான். குப்பை வண்டி மாதிரி இழுத்துக்கொண்டு போவதா என்று கேட்டிருப்பான். இது என் ஊகம். ஊகத்தை உண்மை என்று எழுதக் கூடாது. அப்படி நடக்காமல், நீங்கள் சொல்லவே இல்லை என்றாலும் சரி, அதையும் வந்து சொல்லுங்கள். பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவனுடைய கடைசிக் கார்டு வந்தது. தபாலாபீசில் அப்பாவின் சிநேகிதர் பஞ்சாட்சரம் மாமா அதைப் பார்த்துச் சட்டைப் பையில் ஒளித்துக்கொள்ளப் பார்த்தாராம். ஆனால் விலாசம் அப்பாவின் கையெழுத்து. மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே அப்பா அடையாளம் கண்டுவிட்டார். டூட்டி முடிகிறவரை நின்று மற்றவர்களுடைய தபாலை எல்லாம் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் அதை வீட்டுக்கு எடுத்து வந்தார். ‘ஏறிவிட்டோம். எங்குமே இறங்கித் தள்ளவில்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள். மேகம் ரோட்டிலேயே படுத்திருக்கிறது என்று கிளாடிஸிடம் சொல்லுங்கள். காலையில் இறக்கம்தானே, ஹேண்டில்பார் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்துவிடுவோம்.’ இவ்வளவுதான். அதை அம்மா ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள்.

அம்மா கிளையைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. நேற்று புது வருஷப் பூசையிலிருந்து திரும்பி வரும்போது திடீரென்று நின்று, “அன்னிக்குக் காலைல அவன் ஏதாச்சும் சாப்பிட்டானா, வெறும் வயித்தோட கிளம்பிட்டானா? சுந்துவுக்குத்தான் தெரியும்” என்றார்கள். ஒரு வருஷத்தில் உங்கள் பெயரை அம்மா சொன்னது அப்போதுதான். அப்பா முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது. நடை நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை.

இதற்காகத்தான் எழுதுகிறேன், சுந்து அண்ணா. வருஷப் பூசைக்கு வாருங்கள். அப்பா வாசலில் நிறுத்தினால் நான் அம்மாவைக் கோயிலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு வருகிறேன். அவன் என்ன சாப்பிட்டான் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போனாலும் போதும். சாப்பிடவில்லை என்றால் அதைச் சொல்ல உங்களுக்கு மனம் வராது என்று தெரியும். ஆனாலும் உண்மையையே சொல்லுங்கள். இல்லாவிட்டால் அம்மா ஒவ்வொரு காலையும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்த வேண்டியதாயிற்று. அப்பாவுக்குக் காலை டூட்டி, அதனால் எங்கள் வீட்டில் சீக்கிரம் விளக்கணைத்துவிடுவோம். தலையைத் தூக்கினால் அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. நான் காகிதத்தை மறைக்கவில்லை. யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. பக்கத்தில் கவர் வெறுமையாகக் கிடந்தது, அதில் நான் இன்னும் விலாசம் எழுதவில்லை. அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “மாட்டுங்கா. நாலு, ரெண்டு சைபர், அப்புறம் சைபர் ஒண்ணு ஒம்பது. புது பின்கோடு போடாட்டி லேட்டாவும்” என்றார். நீங்கள் இருப்பது மாட்டுங்காவில் என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

ஸ்விட்ச் பக்கம் போனவர் அங்கேயே நின்று, “பூசை காலைல ஆறரைக்கு. அதையும் எழுது” என்றார்.

எழுதிவிட்டேன். ஆண்டவர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஸ்டேஷனிலிருந்து நடந்தே வருவதானாலும் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை,
ரா. கிளாடிஸ்

கடைசி வரிகள் கோணலாக இருந்தால் மன்னிக்கவும். அப்பா விளக்கை அணைத்துவிட்டார்.