தொழிற்சாலை மூடிய அன்று சறுக்கினோம்

என் தோழி,

இன்று காலை புதுச் சட்டையை அயன் செய்தபோது, ஈரத்துணியின் ஆவி முகத்தில் அடித்தது. அந்த மணத்தோடு நீயும் வந்துவிட்டாய்! நாம் இருவரும் வருடக்கணக்காகக் கோட்டுகள் தைத்த தொழிற்சாலையின் மணம் அது.

அது மூடப்பட்ட பனிக்காலம் நினைவிருக்கிறதா? நான் ஒரு வரிசைப் பெண்களுக்குப் பொறுப்பாக இருந்தேன். எல்லோருக்கும் நான் 'சுப்பர்வைசர் அக்கா'. மெஷின்களை லொறியில் ஏற்றியபோது வாசலில் நின்று அழுதேன்.

"இனி நான் ஆரடி?"

நீ சிரித்தாய். "எடியே, யாழ்ப்பாணத்தில நான் டீச்சர். கொழும்பில அகதி. இஞ்ச பொத்தான் தைக்கிறவள். நாளைக்கு என்னவோ தெரியாது. எல்லாத்துக்குள்ளயும் நான் நான்தானே? வா, சறுக்குவம்!"

வெறும் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து எடுத்துக்கொண்டு என்னை மலைப் பூங்காவுக்கு இழுத்துப் போனாய். நாற்பது தாண்டிய இரண்டு பெண்கள் பனிச்சரிவில் கத்திக்கொண்டு சறுக்கினோம். என் தொப்பி பறந்தது. கீழே நின்ற ஒரு கிழவர் கைதட்டி, "ப்ராவோ, மேதாம்!" என்று பிரெஞ்சில் கத்தினார். மல்லாந்து கிடந்தபடி வயிறு நோகச் சிரித்தேன். வேலை போயிருந்தது; நான் எங்கும் போயிருக்கவில்லை!

சில வருடங்களில் உனக்கு நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் உன் தலையில் ஒரு முடியும் இல்லை. நீ சொன்னாய்: "கண்ணாடியைப் பாத்தனடி. ஆரோ ஒரு மொட்டைக் கிழவி! ஆனா பாக்கிறவள் மாறேல்லை. பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்ட அதே பெட்டைதான்." பெரிய பரிசு கிடைத்தவள்போல உன் கண்கள் மின்னின. அந்தக் கோடையில் போய்விட்டாய்.

இன்று ஒரு கார்டரியில், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலையில், எனக்கு முதல் நாள். வெளிக்கிடும்போது மகள் கேட்டாள், "அம்மா, பயமா இருக்கோ?"

"இல்லையடி, துள்ளவேணும் போல கிடக்கு!"

என் பிரெஞ்சைக் கேட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சமும் கூசாமல். அது உன்னிடமிருந்து எனக்கு ஒட்டியது.

மதியம் ஒரு சின்னவள் தானாக வந்து என் மடியில் ஏறி நித்திரையானாள். என் வேலை என்னவென்று அவளுக்குத் தெரியாது. என் பெயரும் தெரியாது. அவள் சாய்ந்துகொள்ள நான் போதுமாயிருந்தேன்.